எமர்ஜென்சி டாக்டர் மருத்துவக் கல்வி ஆய்வில் இறங்குவது எப்படி: பயிற்சி, காகிதங்கள், செலவு, காலக்கணக்கு

எமர்ஜென்சியில் இருக்கிற எல்லோருமே ஏதோ ஒரு வகையில் வாத்தியார்தான். மூச்சுக்குழாயில் குழாய் வைக்கும் இன்ட்யூபேஷனைச் செய்யும் ரெசிடென்டுக்கு, அதாவது பயிற்சி மருத்துவருக்கு, பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறோம். கேஸ் முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டு "ஏன்பா அந்த மருந்தை முதலில் போட்டே?" என்று கேட்கிறோம். இப்படிச் சொல்லித் தருவதில் எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை, எதனால் என்று முறையாகத் தேடுவதுதான் மருத்துவக் கல்வி ஆய்வு.

நான் இதில் நுழைந்தபோது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. புள்ளியியல் சொல்லித் தர நிறையப் பேர் இருந்தார்கள். எந்தக் காகிதம் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொன்னவர் யாரும் இல்லை. முதல் ஆய்வு, யோசனையிலிருந்து அச்சுக்கு வர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி காத்திருப்புதான். வரிசை தெரிந்தால், ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே இன்னொன்றை முடித்துவிடலாம்.

1. உங்கள் யோசனை ஆய்வா, பாடமா என்று பாருங்கள்

புதிதாக ஒரு சிமுலேஷன் வகுப்பு நடத்தினீர்கள், எல்லோருக்கும் பிடித்திருந்தது. நல்ல விஷயம், ஆனால் அது இன்னும் ஆய்வாகவில்லை. மற்ற கல்லூரிகளும் எடுத்து நடத்தும்படி அந்த வகுப்பை எழுதித் தர விரும்பினால், மெட்எட்போர்ட்டல் போன்ற இதழ்கள் அதற்கென்றே இருக்கின்றன. "இது ஏன் பலித்தது? யாருக்குப் பலிக்கவில்லை? எந்தச் சூழலில்?" என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

பயிற்சியின் பலனை அளக்கும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு படிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிடித்ததா, கற்றார்களா, நடைமுறை மாறியதா, நோயாளிக்குப் பலன் உண்டா. முதல் படியோடு நின்றுவிட்ட கட்டுரைகளை நல்ல இதழ்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. ஒரே குழுவுக்கு வகுப்புக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு வைத்து, மதிப்பெண் கூடியது என்று காட்டுவதும் பலவீனமான வடிவம்தான். ஒரு மணி நேரம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டு உடனே அதையே கேட்டால் மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்?

2007-இல் வெளிவந்த மெர்ஸ்க்யூஐ என்ற அளவுகோல் இருக்கிறது. எண்களை வைத்துச் செய்யும் கல்வி ஆய்வுகளின் தரத்தைப் பத்துக் கேள்விகளால் அளக்கிறது, மொத்தம் 18 புள்ளி. முடிந்த ஆய்வுகளை மதிப்பிடத்தான் அதை உண்டாக்கினார்கள். ஆனால் உங்கள் திட்டம் தாளில் இருக்கும்போதே அதற்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். எங்கே அடி வாங்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும், திருத்தச் செலவும் இல்லை.

2. பயிற்சி: பட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள்

வழிகள் பல. சிறியது, பட்டறைச் சான்றிதழ். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் மெர்க் என்ற திட்டத்தில் ஆறு பட்டறைகளை முடித்தால் சான்றிதழ் உண்டு. கேள்வி அமைப்பது, கேள்வித்தாள் எழுதுவது, தரவை அலசுவது என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு தலைப்பு. அங்குள்ள எமர்ஜென்சி ரெசிடென்சி இயக்குநர்களின் அமைப்பான கார்ட், 2009 முதல் இதே பட்டறைகளை எமர்ஜென்சி ஆட்களுக்கென்று நடத்துகிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பட்டறையோடு ஒரு குழு ஆய்வும் அதற்கு வழிகாட்டியும் உண்டு என்பது.

அடுத்து ஃபெலோஷிப். ஓரிரு வருஷம், பாதி ஷிஃப்ட், பாதி கல்வி வேலை. அதற்கு மேலே முதுநிலைப் பட்டம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் சுகாதாரத் தொழிற்கல்வி முதுநிலைப் படிப்பு மாதிரி, பெரும்பாலும் வீட்டிலிருந்தே படிக்கும் படிப்புகள் இருக்கின்றன. வேலையை விட வேண்டியதில்லை, ஆனால் இரண்டு வருஷ விடுமுறைகளை மறந்துவிட வேண்டும்.

என் அபிப்பிராயம்: முதலில் யாருடைய குழுவிலாவது சேர்ந்து ஒரு சின்ன ஆய்வை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பாருங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்த பிறகு பட்டத்துக்குப் பணம் கட்டலாம். ஐந்து சான்றிதழ் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரைகூட இல்லாதவர்களை நிறையப் பார்க்கலாம்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வைக்கிறார்களா? வழிகாட்டி யார், மாதம் எத்தனை மணி நேரம் கிடைப்பார்? நேரில் வர வேண்டிய நாட்கள் எத்தனை? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்தால் பயணமும் தங்கும் செலவும் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

3. நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்

"தாராளமா பண்ணுங்க டாக்டர்" என்று துறைத்தலைவர் வாயால் சொல்வது போதாது. வாரத்தில் அரை நாள், இத்தனை மாதத்துக்கு, இந்த வேலைக்கு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அந்தக் கடிதத்தை ட்யூட்டி அட்டவணை போடுபவரிடமும் கொடுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டவணை போடுபவருக்குத் தெரியாத ஆய்வு நேரம் காகிதத்தில்தான் இருக்கும்.

நைட் முடிந்த மறுநாளை ஆய்வு நாளாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வு நாள் மாதிரி தெரியும், அன்று எழுதிய பத்தியை அடுத்த வாரம் படித்தால் உங்களுக்கே புரியாது.

4. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், கடைசிவரை இதையே பிடித்துக்கொண்டு போகலாம். இரவில் முதலாண்டு ரெசிடென்ட் சீனியரைக் கூப்பிடத் தாமதிக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

"இரவு மேற்பார்வையை மேம்படுத்துவது எப்படி?" என்று கேட்டால் பத்து ஆய்வுக்கான வேலை. "சீனியரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முதலாண்டு ரெசிடென்ட்கள் இரவு ஷிஃப்டில் எப்படி முடிவெடுக்கிறார்கள்?" என்பது ஓர் ஆய்வுக்கான கேள்வி. யார், எங்கே, எதைப் பற்றி என்று மூன்றும் அதில் இருக்கின்றன. எண்ணால் பதில் சொல்ல முடியாது, பேட்டி எடுக்க வேண்டும் என்பதும் கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. முறையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடாதீர்கள். கூகுள் ஃபார்ம் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சர்வே ஆக்குகிற பழக்கம் நம்மிடம் அதிகம்.

அடுத்து, முன்பே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் மட்டும் போதாது. கல்வித் துறைக்கென்று எரிக் என்ற தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. ரெசிடென்ட் தயங்குவது போலவே புதிய ஆசிரியர், புதிய நர்ஸ், புதிய விமானி எல்லோரும் தயங்குகிறார்கள், அதைப் பற்றி மற்ற துறைகள் நம்மைவிட முன்பே எழுதிவிட்டன. அங்கிருந்துதான் உங்களுக்கு ஒரு கோட்பாடும் கிடைக்கும். இந்த உதாரணத்துக்கு, தவறைச் சொன்னால் அவமானப்பட மாட்டோம் என்ற உளப் பாதுகாப்பு பற்றிய கோட்பாடு பொருந்தும். கோட்பாடு என்றதும் மிரள வேண்டாம். பேட்டியில் எதைக் கேட்பது, கிடைத்த பதிலில் எதைக் கவனிப்பது என்று அதுதான் சொல்லித் தரும். "இந்த ஆய்வின் கோட்பாட்டு அடிப்படை என்ன?" என்று, இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கேட்பது அநேகமாக உறுதி. அப்போது தேடி ஒட்டினால் ஒட்டியது தெரியும்.

5. ஆட்களைச் சேர்ப்பது, பெயர் வரிசையைப் பேசுவது

குறைந்தது மூன்று பேர் வேண்டும். எமர்ஜென்சி தெரிந்த நீங்கள், முறையியல் தெரிந்த ஒருவர், அப்புறம் அந்த ரெசிடென்ட்களுக்கு மதிப்பெண் போடாத ஒருவர். மூன்றாமவர் ஏன் என்று அடுத்த தலைப்பில் புரியும். முறையியல் ஆளைச் சமூகவியல், உளவியல், கல்வியியல் துறைகளில் தேடுங்கள். புள்ளியியல் நிபுணர் வேண்டுமென்றால் தரவு சேர்ப்பதற்கு முன்பே பாருங்கள். சேர்த்த பிறகு போனால் "இதை வைத்து எதுவும் செய்ய முடியாது" என்பதை மட்டும்தான் அவரால் சொல்ல முடியும்.

கட்டுரையில் யார் முதல் பெயர், யார் கடைசி என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதியில் நான்கு நிபந்தனைகள்: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர். இடம் கொடுத்தவர், துறைக்குத் தலைவர் என்பதெல்லாம் நன்றியுரையில் வர வேண்டியவை. இதை ஆரம்பத்தில் சொல்வது சங்கடம்தான், கடைசியில் சொல்வது சண்டை.

6. எதிக்ஸ் கமிட்டி: இங்கேதான் மாதங்கள் போகும்

முதல் எச்சரிக்கை. வகுப்பை நடத்தி, தரவையும் சேர்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கே, பேப்பர் போடலாம்" என்று பின்னால் எதிக்ஸ் கமிட்டியிடம், அதாவது ஆய்வு நெறிக் குழுவிடம், அனுமதி கேட்டுப் போகாதீர்கள். முன்தேதியிட்ட அனுமதியைக் கமிட்டிகள் கொடுப்பதில்லை. அனுமதி எண்ணோ விலக்குக் கடிதமோ இல்லாத கட்டுரையை இதழ்களும் எடுப்பதில்லை. கல்வி ஆய்வுகளில் கணிசமானவற்றுக்கு முழு ஆய்வுக் கூட்டம் தேவைப்படாது, விலக்கோ துரிதப் பரிசீலனையோ கிடைக்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது கமிட்டி, நீங்கள் அல்ல. "இதில் நோயாளியே இல்லையே, எதற்கு அனுமதி?" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இங்கே ஆய்வுக்கு உட்படுகிறவர் ரெசிடென்ட்.

பொதுவாகக் கேட்கும் காகிதங்கள் இவை. கூட்டத் தேதி தெரியுமுன்பே தயாராக வைத்திருங்கள்:

- ஆய்வுத் திட்டம், பத்துப் பக்கத்துக்குள்
- பங்கேற்பவருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம்
- பேட்டிக் கேள்விகள் அல்லது கேள்வித்தாள், முழுமையாக
- அழைப்பு மின்னஞ்சலின் வாசகம்
- துறைத்தலைவரின் சம்மதக் கடிதம்
- ஆய்வாளர்களின் தன்விவரமும் ஆய்வு நெறிப் பயிற்சிச் சான்றிதழும்
- செலவுக் கணக்கு, பணம் எங்கிருந்து வருகிறது என்பது
- தரவை எங்கே, யார், எத்தனை வருஷம் வைத்திருப்பார் என்ற குறிப்பு

நெறிப் பயிற்சிச் சான்றிதழ் காலாவதி ஆகும். உங்களுடையதை மட்டும் பார்க்காமல் குழுவில் உள்ள எல்லோருடையதையும் பாருங்கள், ஒருவருடையது முடிந்திருந்தாலும் கோப்பு திரும்பி வரும்.

படிவமே ஒரு தொல்லை. பல இடங்களில் அது மருந்துச் சோதனைகளை நினைத்து எழுதப்பட்டிருக்கும். எனக்குக் கிடைத்ததில் மருந்தின் அளவு, எடுக்கப்போகும் ரத்தம் எத்தனை மில்லி, பக்கவிளைவு ஏற்பட்டால் இழப்பீடு என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. பேட்டி எடுக்கப்போகிற எனக்கு எதை எங்கே எழுதுவதென்று விளங்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "எல்லாக் கட்டமும் நிரப்புங்க" என்றார்கள். வெறுமனே விடாமல் ஒவ்வொன்றிலும் "பொருந்தாது" என்று எழுதி, கூடவே ஒரு பக்கத்தில் "இது கல்வி ஆய்வு, மருந்தோ சிகிச்சையோ இல்லை, இவற்றைத்தான் செய்யப்போகிறோம்" என்று எளிய மொழியில் இணைப்பு வையுங்கள். கமிட்டியில் உட்காரும் வழக்கறிஞரும் வெளியாரும் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இனி முக்கியமான சிக்கல். ரெசிடென்டின் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுகிற நீங்களே "என் ஆய்வில் கலந்துகொள்கிறாயா?" என்று கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? கமிட்டி இதைக் கட்டாயம் கேட்கும். அழைப்பதும் ஒப்புதல் வாங்குவதும் பேட்டி எடுப்பதும் அந்த மூன்றாமவர் செய்ய வேண்டும். பெயர் நீக்கிய எழுத்து வடிவம் மட்டுமே உங்கள் கைக்கு வர வேண்டும். யார் கலந்துகொண்டார், யார் மறுத்தார் என்பதே உங்களுக்குத் தெரியக் கூடாது. இதைத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதிவிட்டால் ஒரு சுற்றுக் கேள்விகள் மிச்சமாகும்.

சின்னத் துறையில் பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறையாது. "முதலாண்டு, பெண், முன்பு அறுவைசிகிச்சையில் இருந்தவர்" என்று எழுதினால் காபி மிஷின் பக்கத்தில் நிற்பவர்கூட யாரென்று சொல்லிவிடுவார். மேற்கோளுக்குக் கீழே பங்கேற்பாளர் எண் மட்டும் போதும். வீடியோவோடு செய்யும் ஆய்வென்றால் நோயாளியின் சம்மதம் தனிக் கதை, முதல் ஆய்வுக்கு அதைத் தொடாதீர்கள்.

காலக்கணக்கு: கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும் என்றால், கோப்பு அதற்குச் சில வாரம் முன்பே போயிருக்க வேண்டும். ஒரு சுற்றுத் திருத்தம் வரும் என்றே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதலாண்டு ரெசிடென்ட்களைத்தான் பேட்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால், அனுமதி கையில் வரும்போது அவர்கள் இரண்டாமாண்டுக்குப் போயிருக்கக் கூடாது. கல்வியாண்டு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே திட்டத்தை எழுத ஆரம்பிப்பது நிதானமான கணக்கு. பாதியில் ஒரு கேள்வியை மாற்றினாலும் திருத்த அனுமதி வாங்க வேண்டும்.

7. செலவு எங்கே போகிறது

கல்வி ஆய்வு மலிவு என்று சொல்வார்கள். கருவி விஷயத்தில் அது உண்மை. குறிப்புகளைத் தொகுக்க ஜோட்டெரோ, எண்களுக்கு ஜமோவி அல்லது ஆர், பேட்டிகளைக் கருத்து வாரியாகக் குறியிட டாகெட், எல்லாமே இலவசம். பணம் போவது மூன்று இடங்களில்.

முதலாவது, பேட்டியை எழுத்தாக்குவது. ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆள் வைத்தால் கூலி, நீங்களே செய்தால் தூக்கம். தானியங்கி மென்பொருள் போட்டால் வேகம், ஆனால் ஒலிக்கோப்பு எந்தச் சர்வருக்குப் போகிறது என்பதை ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். மருந்துப் பெயர்களையும் சுருக்கெழுத்துகளையும் அது கண்டபடி எழுதும், முழுவதும் கேட்டுத் திருத்தாமல் விடாதீர்கள்.

இரண்டாவது, மாநாடு. பதிவுக் கட்டணம், பயணம், தங்கல். மூன்றாவதும் பெரியதும், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் வெளியீட்டுக் கட்டணம். சிலவற்றில் அது ஆயிரக்கணக்கான டாலர். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பில் வந்து திகைப்பதைவிட, இதழைத் தேர்ந்தெடுக்கும்போதே கட்டணப் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழக நூலகம் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இப்படிக் கேட்டே கட்டணம் மிச்சமானவர்கள் உண்டு.

8. தரவு சேர்த்தல்

பேட்டியென்றால் ஷிஃப்ட் முடிந்த கையோடு வைக்காதீர்கள், வரும் பதிலெல்லாம் "ஆமா", "இல்ல" என்றுதான் இருக்கும். முதல் இரண்டு பேட்டிகளை உடனே எழுத்தாக்கிப் படியுங்கள். எல்லாப் பேட்டிகளையும் முடித்துவிட்டு அலச உட்கார்ந்தால், கேட்க மறந்ததைக் கேட்க ஆளிருக்காது.

சர்வேயென்றால் ஏற்கெனவே சோதித்த கேள்வித்தாள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் மருத்துவக் கல்விக்கான ஐரோப்பியச் சங்கமாகத் தொடங்கிய ஏமி வெளியிட்ட 87-ஆம் வழிகாட்டி ஏழு படிகளில் சொல்லித் தருகிறது. அதில் ஒரு படியையாவது கட்டாயம் செய்யுங்கள்: நாலைந்து பேரிடம் கேள்வியைக் கொடுத்து, "இது என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்பது. "என் சீனியர் எளிதில் கிடைக்கிறார், பொறுமையாகச் சொல்லித் தருகிறார்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். கிடைக்கிறார், ஆனால் பொறுமை கிடையாது என்கிறவர் எதை டிக் செய்வார்?

9. எழுதுவது, அனுப்புவது

எழுத ஆரம்பிக்குமுன் உங்கள் முறைக்கான சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து வையுங்கள். பேட்டி ஆய்வுக்குக் கோரெக் (32 அம்சங்கள்) அல்லது எஸ்ஆர்க்யூஆர் (21), எதையும் மாற்றாமல் கவனித்துப் பதிவு மட்டும் செய்யும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப் (22), இணையச் சர்வேக்குச் செர்ரீஸ். பல இதழ்கள் அதைப் பக்க எண் போட்டு நிரப்பிக் கேட்கின்றன.

இதழ்களில், எமர்ஜென்சிக் கல்விக்கென்றே 2017-இல் தொடங்கிய ஏஇஎம் எஜுகேஷன் அண்ட் ட்ரெய்னிங் இருக்கிறது. எல்லாத் துறைக்கும் பொருந்தும் கேள்வியென்றால் மெடிக்கல் டீச்சர், பிஎம்சி மெடிக்கல் எஜுகேஷன், பர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் மெடிக்கல் எஜுகேஷன் போன்றவற்றைப் பாருங்கள். நம் உதாரணம் அறுவைசிகிச்சை ரெசிடென்டுக்கும் பொருந்தும், ஆகவே பொது இதழை முதலில் முயலலாம். "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று தொடங்கி ஒரு வாரத்தில் பிரசுரம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். சந்தேகமான இதழ், தரம் பார்த்துச் சேர்க்கப்பட்ட திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டோஜில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுப்பும் நாளில் கேட்பவை: ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் (இலவசம், சில நிமிடங்களில் கிடைக்கும்), எதிக்ஸ் அனுமதி எண், கட்டுரை ஆசிரியர்கள் எல்லோருடைய நலமுரண் அறிவிப்பு (ஆய்வோடு மோதும் பணத் தொடர்பு, சொந்த நலன் உண்டா என்பது), யார் என்ன செய்தார் என்ற குறிப்பு, முகப்புக் கடிதம். நலமுரண் படிவத்தை எல்லோரிடமும் முன்பே வாங்கி வையுங்கள், வெளிநாட்டு மாநாட்டில் இருக்கும் ஒருவரின் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் நிற்க வேண்டாம்.

இதழாசிரியர் குழுவின் முதல் பதில் சில நாளிலும் வரலாம், ரிவ்யூ முடிய சில மாதமும் ஆகலாம். பெரிய திருத்தம் கேட்டால் அது நல்ல செய்தி, கதவு மூடவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் ஒரு அட்டவணையில் போட்டு, எதிரே உங்கள் பதிலும் மாற்றிய வரியும் எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததைக் காரணத்தோடு மறுக்கலாம், எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. கெடுவுக்குள் முடியாதென்றால் முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் எதிக்ஸ் கமிட்டிக்கு நிறைவு அறிக்கை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான். பழைய ஆய்வு கணக்கில் திறந்தே கிடந்தால், அடுத்த விண்ணப்பத்தை எடுக்கும்போது அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.